உங்களுக்குத் தெரியுமா? சீனப் பண்டிகையும் நம்ம ஊர் மொய்யும்

★ கார்த்திகை தீபத்தன்று கீழ்பென்னாத்தூர் மொட்டைமாடியில் நின்று அண்ணாமலையாரைக் கும்பிடுகிறோம். சீனர்களின் விளக்குத் திருவிழாவும் பௌர்ணமியில்தான். அவர்கள் ஆண்டின் முதல் மாதம், 15-ஆம் நாள். காகித விளக்குகளைத் தொங்கவிட்டு, பூரணம் வைத்த பசையரிசி மாவு உருண்டைகளை வெந்நீரில் மிதக்கவிட்டுச் சாப்பிடுவார்கள். நம் பூரணக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி! உருண்டை வடிவம், பிரியாத குடும்பத்துக்கு அடையாளம்.

★ மொய் என்றால் நமக்கு 101, 501, 1001. அந்த ஒரு ரூபாய் இல்லாவிட்டால் மொய் எழுதுபவரே நிமிர்ந்து பார்ப்பார். புத்தாண்டுக்குச் சிவப்பு உறையில் சீனர்கள் தரும் 'அங்பாவ்' பணம் நேர்மாறு. இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். ஒற்றைப்படை துக்க வீட்டுக்கு, அதுவும் வெள்ளை உறையில். இரட்டைப்படையிலும் 4 ஆகாது. அந்த எண்ணின் ஒலி 'சாவு' என்பதுபோல் கேட்கும். எட்டு என்றாலோ கொண்டாட்டம்! பெய்ஜிங் ஒலிம்பிக்ஸைத் தொடங்கியதே 2008 ஆகஸ்ட் 8, இரவு 8 மணிக்குத்தான். கூட்டுத்தொகை 8 வந்தால் வண்டி நம்பரே வேண்டாம் என்பவர்கள் நம்மூரில் எத்தனை பேர்!

★ மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் இந்த உறைப் பழக்கத்தைத் தீபாவளிக்கும் எடுத்துக்கொண்டார்கள். மயில், குத்துவிளக்குப் படம் போட்ட உறையில் பிள்ளைகளுக்குப் பணம் தருவார்கள்.

★ விளக்கு வைத்தபின் வீட்டைக் கூட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்பது நம் பாட்டிமார் வாக்கு. சீனர்கள் புத்தாண்டு முதல் நாள் முழுக்க துடைப்பத்தையே தொடமாட்டார்கள். அதிர்ஷ்டமும் குப்பையோடு வெளியேறிவிடுமாம். வீட்டுப் பெண்களுக்கு அன்று ஓய்வு. இதை நாமும் கடன் வாங்கலாம்.

★ வெடிமருந்து வருமுன்னே சீனர்கள் பச்சை மூங்கிலை நெருப்பில் போட்டார்கள். கணுக்களுக்கு இடையே அடைபட்ட காற்று சூடேறி 'படார்' என வெடிக்கும். தீய சக்திகளை விரட்டும் அந்தச் சத்தம்தான் பட்டாசுக்கு முன்னோடி.

★ ஆடி அமாவாசைக்கு நாம் காக்கைக்குச் சோறு வைக்கிறோம். சீனர்களுக்கு ஏழாம் மாதம் ஆவிகளின் மாதம். காகிதத்தில் பணம், வீடு, கார், இப்போது செல்போன்வரை செய்து முன்னோருக்கு எரிப்பார்கள். சிங்கப்பூரில் அந்த மாதம் நடக்கும் மேடைக் கச்சேரிகளில் முதல் வரிசை நாற்காலிகள் காலி, ஆவிகளுக்கு ரிசர்வ்!

★ பினாங்குத் தைப்பூசத்தில் சீனர்களும் வேண்டிக்கொண்டு சிதறுகாய் உடைக்கிறார்கள். கொல்கத்தாவின் டாங்ராவில் சீனர்கள் வழிபடும் காளி கோயில் ஒன்று உண்டு. அங்கே அம்மனுக்குப் படையல் நூடுல்ஸ். பக்தர்களுக்குப் பிரசாதமும் அதுவே.