ஈயக் குண்டும் பூமியின் நிறையும்

மேசைமீது இரு மாங்கனிகள் கிடக்கின்றன. அவை ஒன்றையொன்று இடையறாது இழுத்துக்கொண்டிருக்கின்றன என்றால் மாணவர் நகைப்பர். பொருளனைத்தும் ஒன்றையொன்று ஈர்க்கும் என நியூற்றன் 1687ஆம் ஆண்டில் உரைத்தபோதும், சான்றாக நின்றவை சந்திரனும் கோள்களும் கடலின் வற்றுப்பெருக்குமே. கையில் எடுக்கத்தக்க இரு பொருள்களிடையே அவ்வீர்ப்பை எவரும் அளந்தாரில்லை.

அதற்கு வழி வகுத்தவர் ஜோன் மிச்செல் என்னும் ஆங்கிலப் பாதிரியார். கருவியை அமைத்து முடித்த அவர், அதைக்கொண்டு ஆய்வு எதுவும் செய்யுமுன்னரே 1793இல் காலமானார். கருவி கைமாறி, இலண்டனை அடுத்த கிளப்பமில் வாழ்ந்த ஹென்றி கவென்டிஷிடம் வந்தது. இவர் பெருஞ்செல்வர், ஆயினும் மனிதர் முகத்தை நேர்நோக்கவும் கூசியவர்.

கருவியின் அமைப்பு எளிது. ஆறடி நீளமான மரக்கோல் ஒன்று மெல்லிய கம்பியிற் கிடையாகத் தொங்கும். அதன் இரு முனைகளிலும் இரண்டங்குல விட்டமுடைய சிறு ஈயக் குண்டுகள். அவற்றினருகே, எதிரெதிர்ப் பக்கங்களில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 350 இறாத்தல் நிறையுள்ள இரு பெருங்குண்டுகளைக் கொணர்ந்தால், சிறு குண்டுகள் அவற்றை நாடிச் சற்றே நகரும், கம்பி முறுகும். அம்முறுக்கைக்கொண்டு விசையை அறியலாம். விசையோ சிறு குண்டின் நிறையில் ஏறத்தாழ 5 கோடியில் ஒரு பங்கு!

காற்றின் ஓர் அசைவு போதும், இதனைக் குலைக்க. அறையில் ஒருவர் நின்றாலே அவருடல் வெப்பம் காற்றை அசைத்துவிடும். ஆதலால் கவென்டிஷ் கருவியை மூடிய அறையினுள் வைத்து, பெருங்குண்டுகளை வெளியிலிருந்தே கப்பியால் நகர்த்தி, சுவரிற் பொருத்திய தொலைநோக்கி வழியே நோக்கினார். பிறரிடமிருந்து ஒதுங்கியே வாழ்ந்தவர்க்குத் தம் ஆய்விலிருந்தும் ஒதுங்கி நிற்பது அரிதாயிராது போலும்.

1798இல் அவர் வெளியிட்ட விடை: பூமியின் சராசரி அடர்த்தி நீரினதைப்போல் 5.48 மடங்கு. இன்று கொள்ளப்படும் அளவு 5.51. நாம் மிதிக்கும் பாறையோ நீரைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு அடர்த்தியுடையதே. எனவே பூமியின் ஆழத்தில் பாறையினும் அடர்ந்த பொருள் செறிந்திருத்தல் வேண்டும்.

கவென்டிஷ் ஈர்ப்பு மாறிலியைக் கண்டார் என்று வகுப்பறையிற் கூறுவதுண்டு. அது முற்றும் சரியன்று. அவர் தேடியது பூமியின் அடர்த்தியையே. மாறிலி, பிற்காலத்தார் அவருடைய அளவுகளிலிருந்து கணித்துப் பெற்றது. மிச்செலின் பெயரையோ அவர் தம் கட்டுரையின் தொடக்கத்திலேயே குறித்திருக்கிறார்.

அம்மாறிலியின் பெறுமானம் குறித்து ஆய்வுகூடங்கள் இன்னும் ஒருமித்தில. 2018இல் ஏற்கப்பட்ட அளவிலும் பத்து இலட்சத்தில் 22 பங்கு ஐயம் எஞ்சிற்று. அதனை அளக்க இன்று பயன்படும் கருவிகளிற் பல, மிச்செலின் தொங்குகோலின் வழிவந்தவையே.