மாத்திரை ஏன் வயிற்றில் கரையாமல் குடல் வரை காத்திருக்கிறது?

நெய்வேலி டவுன்ஷிப்பில் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் சுரங்கத் தொழிலாளி ஒருவர், நெஞ்செரிச்சலுக்குப் பான்டோப்ரசோல் மாத்திரை எடுக்கிறார். சாப்பாட்டுக்கு முன், உடைக்காமல் விழுங்க வேண்டும் என்கிறார் டாக்டர். உடைத்தால் என்ன?

மருந்து பாழ்! அமிலச் சுரப்பைக் குறைக்க வந்த மருந்தையே வயிற்று அமிலம் சிதைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் மேலே அந்த வழவழப்பான பூச்சு.

கரைய வேண்டிய இடம் பூச்சுக்கு எப்படித் தெரியும்? ஆரத்தித் தட்டை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் நீரில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறாது. சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவந்துவிடும். பூச்சும் இப்படிப் புளிப்பைத்தான் பார்க்கிறது, கடிகாரத்தை அல்ல. வயிற்றின் கடும் புளிப்பில் அது அசையாது. சிறுகுடலில் கணைய நீரும் பித்த நீரும் அந்தப் புளிப்பை முறித்ததும், பூச்சின் மூலக்கூறுகள் மின்னேற்றம் பெறுகின்றன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரில் கரைகின்றன. மருந்து வெளியே வருகிறது.

யோசனை பழையது. 1884-லேயே ஜெர்மன் தோல் மருத்துவர் பால் உன்னா, நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டினை மாத்திரைமேல் பூசிப் பார்த்தார்.

'எஸ்.ஆர்.' என்று அச்சிட்ட மெட்ஃபார்மின் மாத்திரை வேறு ரகம். பெரும்பாலும் அது ஈரம் பட்டதும் கூழாக உப்பி, மருந்தைப் பல மணி நேரம் கசியவிடும். அதைப் பாதியாக உடைக்கும் முன் மருந்தாளரிடம் கேட்டுவிடுங்கள்.