எபோலாவைக் கொல்லணும், ஆனா அதன் முகஜாடை அழியக்கூடாது

இன்னிக்கு ஒரு விநோதமான சிக்கலைப் பத்திப் பேசலாம். ஒரு வைரஸைக் கொன்னுடணும். ஆனா செத்த பிறகும் அது எந்த வைரஸ்னு அடையாளம் தெரியணும்.

1995. இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில் இருக்கும் கிக்விட் நகரம். அங்கே 315 பேருக்கு எபோலா வந்தது. ஐந்தில் நான்கு பேர் இறந்துபோனார்கள். நோயை உறுதிசெய்ய ரத்தம் எடுக்கணும். அந்த ரத்தத்தில் வைரஸ் உயிரோடு இருக்கும். ஊசி தவறிக் கையில் குத்தினால், எடுத்தவருக்கே ஆபத்து. அப்புறம் அதைக் குளிர்ச்சியாவே வச்சு, கடல் தாண்டி, உச்சபட்சப் பாதுகாப்பு உள்ள லேபுக்கு அனுப்பணும்.

சரி, பிளீச் ஊத்திட்டா? வைரஸ் செத்துடும், கூடவே அதன் புரதங்களும் சிதைஞ்சிடும். அந்தப் புரதங்கள்தான் ஆன்டிஜென். ஆன்டிபாடி வைரஸைக் கண்டுபிடிக்கிறதே அந்த முகஜாடையை வச்சுத்தான்.

இங்கேதான் ஃபார்மலின் உதவுது. அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைச்சுக் கட்டிப்போட்டுடும். வைரஸால் செல்லுக்குள் நுழையவும் முடியாது, பெருகவும் முடியாது. உருவம் மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

அமெரிக்காவின் சிடிசியில் இருந்த நோயியல் நிபுணர் ஷெரிஃப் ஜாகியின் குழு இதைப் பயன்படுத்தியது. இறந்தவரின் தோலில் ஒரு சின்னத் துண்டு எடுத்து ஃபார்மலின் பாட்டிலில் போட்டா போதும், ஐஸ் தேவையில்லை. லேபில் அதை மெழுகில் பதித்து, மெல்லிசா சீவி, எபோலாவுக்கான ஆன்டிபாடியைச் சேர்ப்பாங்க. ஆன்டிஜென் இருக்கும் இடம் நிறமேறித் தெரியும்.

துண்டு ஏன் சின்னதா இருக்கணும்? ஃபார்மலின் மெதுவாத்தான் உள்ளே இறங்கும். பெரிய துண்டின் நடுவில் வைரஸ் தப்பிச்சிருக்கலாம். ரொம்ப நாள் ஊறினாலோ, முகஜாடை அந்தக் கட்டுகளுக்குள் மறைஞ்சிடும். அதுக்கும் வழி இருக்கு. சீவலை மைக்ரோவேவில் சூடாக்கினால் மறைந்த ஆன்டிஜென் மறுபடி வெளிப்படும்னு 1991இல் ஷான்-ரோங் ஷியின் குழு காட்டியது.

இழப்பும் உண்டு. செத்த வைரஸை லேபில் வளர்த்துப் பார்க்க முடியாது. அதன் ஆர்என்ஏவும் சேதமாகும்.

ஆனா 1999இல் வெளியான ஜாகி குழுவின் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: இறந்தவர்களின் தோலில், வியர்வைச் சுரப்பிகள் உட்பட, எபோலா ஆன்டிஜென் ஏராளமாக இருந்தது. உடலைக் குளிப்பாட்டி, தொட்டு வழியனுப்பியவர்களுக்கு நோய் எப்படி வந்திருக்கும்னு புரிய அது உதவியது. நோய் இருக்கான்னு பார்க்க எடுத்த துண்டு, அது பரவும் வழியையும் காட்டிக்கொடுத்தது.