தாராவிக்குள் அடங்கும் ஒரு நாடு

மொனாக்கோ என்னும் ஐரோப்பிய நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர். நம் தாராவி அதைவிடச் சற்றே பெரிது. மொனாக்கோவில் வசிப்போர் ஏறத்தாழ 39,000 பேர். தாராவிக்கான மதிப்பீடுகளோ 6 இலட்சம் முதல் 10 இலட்சம் வரை வேறுபடுகின்றன.

தனிநபர் உற்பத்திப் பட்டியல்களில் மொனாக்கோ முன்வரிசையில் நிற்பதைக் கண்டு நாம் வியக்கிறோம். அந்த எண்ணைச் சற்றுப் பிரித்துப் பார்த்தல் நலம். அங்கே வேலை செய்வோர் வசிப்போரைவிட அதிகம். பிரான்சிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் காலையில் வந்து மாலையில் திரும்புவோர் ஏராளம். அவர்களது உழைப்பின் பயன் மொத்தத்தில் சேர்கிறது. வகுக்கும்போது அவர்களது தலைகள் சேர்வதில்லை. ஈவு பெருகாமல் என்ன செய்யும்?

தாராவியில் நிலைமை தலைகீழ். தோற்பை தைக்கும் கூடம், கும்பார்வாடாவின் சூளை, பழைய பிளாஸ்டிக்கைத் தரம்பிரிக்கும் பட்டறை, விடியுமுன் இட்லி அவித்துக் கூடையில் சுமந்து செல்லும் குடும்பம்: தலைகள் உண்டு, அவற்றின் உழைப்பில் பெரும்பகுதி ஏட்டில் இல்லை. ஏட்டில் இல்லாத தொழிலுக்கு எதைப் பார்த்துக் கடன் தருவது?

ஜிஎஸ்டி பதிவு இல்லாத குறுந்தொழில்களுக்கென 2023 ஜனவரியில் உத்யம் அசிஸ்ட் தளம் தொடங்கப்பட்டது. வங்கிகள் போன்ற நிறுவனங்கள் வழியாக இதில் பதியலாம். இச்சான்றிதழ் பெற்ற தொழில், முன்னுரிமைத் துறைக் கடனுக்குக் குறுந்தொழிலாகவே கொள்ளப்படும். மாட்டுங்கா, செம்பூர் வாடிக்கையாளர்களுக்கும் இது பொருந்தும். ஆதார் அட்டையுடன் தங்கள் கிளையை அணுகலாம்.