மயில்துத்தம் கலக்கும் கையும் வேதியியல் பட்டமும்

பாடத்திட்டம் என்பது பல்கலைக்கழகத்தார் பார்த்துக்கொள்ளும் பணி. பட்டம் பெற்றோர் பேசும் பொருள். அதில் பாட்டாளிக்கென்ன வேலை, கழகத் தோழனுக்கென்ன கவலை என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். நாம் கேட்கும் கேள்வி வேறு. ராசிங்காபுரத்துப் பிள்ளை ஒன்று, வேதியியல் படிக்க வேண்டும் என்று கல்லூரி வாசலில் போய் நிற்கிறது. மூன்று ஆண்டுகளில் அந்தப் பிள்ளை எதை முதலில் படிக்கும், எதைப் பிறகு படிக்கும், எதைப் படிக்காமலே விட்டுவிடும் என்று தீர்மானிப்பவர் யார்? பிள்ளையா? பெற்றவர்களா? இல்லை. விண்ணப்பத்தின் ஒரு மூலையில் இருக்கும் ஒரு கட்டம் தீர்மானிக்கிறது. அந்தக் கட்டத்தின் பொருளை எடுத்துச் சொல்ல ஆளில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

போடிக்கும் தேவாரத்துக்கும் இடையே, மலையடிவாரத்தில் இருக்கிறது ராசிங்காபுரம். விடியுமுன் ஜீப் வரும்; அந்தப் பகுதி ஊர்களின் ஆணும் பெண்ணும் ஏறி, போடிமெட்டு தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள்; பொழுது சாயும்போது திரும்புவார்கள். மலை கேரளத்தில், உழைப்பு தமிழ்நாட்டில் என்று 1956-இல் எல்லைக் கோடு பிரித்துவிட்டது. அது தனிக் கதை. இன்று அதற்குள் போகப்போவதில்லை.

அந்தத் தொழிலாளி அங்கே என்ன செய்கிறான்? மழைக்காலத்தில் ஏலத்துக்கு அழுகல் நோய் வருகிறது. ஒரு பாத்திரத்தில் மயில்துத்தத்தைக் கரைக்கிறான். இன்னொன்றில் சுண்ணாம்பைக் கரைக்கிறான். துத்தநீரைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்குகிறான். இரும்பு வாளியில் கலக்கமாட்டான். மண்பானையோ பிளாஸ்டிக் தொட்டியோதான் வேண்டும் என்பான். கலக்கியபின் பளபளக்கும் கத்தியொன்றை அதில் முக்கி எடுத்துப் பார்க்கிறான். கத்தியில் சிவப்புப் படிந்தால், சுண்ணாம்பு போதவில்லை; இன்னும் கொஞ்சம் சேர்க்கிறான். போர்டோ கலவை என்று அதற்குப் பெயர்.

தோழர்களே, அது வேதியியல் அல்லாமல் வேறென்ன? மயில்துத்தம் தாமிர சல்பேட். இரும்பு, கரைசலில் உள்ள தாமிரத்தை வெளியேற்றிவிட்டுத் தான் அந்த இடத்துக்குப் போகிறது. வெளியேறிய தாமிரம் கத்தியில் படிகிறது. இதை இடப்பெயர்ச்சி வினை என்று கரும்பலகையில் எழுதினால் கல்வி! மலையில் செய்தால் கூலி வேலை! எட்டாம் வகுப்போடு நின்ற தகப்பன் நாள்தோறும் செய்யும் சோதனையைப் பட்டப்படிப்பில் மகன் செய்கிறான். இருவரும் ஒரே வீட்டில் உண்டு உறங்குகிறார்கள். ஆனால் இதுவும் அதுவும் ஒன்றே என்று இருவருக்கும் எவரும் சொன்னதில்லை.

காய் பறித்த பின்பும் வேதியியல்தான். ஏலக்காயின் பச்சை நிறம் போனால் விலையும் போகும். இலைப்பச்சையத்தின் நடுவே மெக்னீசியம் இருக்கிறது. அமிலம் பட்டால் அது கழன்றுவிடும், பச்சை பழுப்பாகும். அதனால்தான் காயைச் சலவைச் சோடா கரைத்த நீரில், நூற்றுக்கு இரண்டு பங்கு என்ற கணக்கில், பத்து நிமிடம் ஊறவைத்து எடுத்து, பிறகு மிதமான சூட்டில் உலர்த்துகிறார்கள். சோடா காரம், அமிலத்தை அது முறிக்கிறது. மணத்துக்கும் காரணம் உண்டு. ஏல எண்ணெயில் முதன்மையானவை இரண்டு: சினியோல் ஒன்று, டெர்பினைல் அசிட்டேட் மற்றொன்று. பின்னது ஓர் எஸ்டர். கரிம வேதியியல் தாளில் எஸ்டர் என்று வந்தால் உருட்டி மனப்பாடம் செய்யும் மாணவனின் அம்மா கையில், மாலை வேளையில் அந்த எஸ்டர்தான் மணக்கிறது.

வங்கத்து அறிஞர் பிரபுல்ல சந்திர ரே 1901-இல் பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். இந்திய வேதியியலின் வரலாற்றை 1902-லும் 1909-லும் இரண்டு தொகுதிகளாக எழுதினார். இந்த நாட்டில் ஆய்வறிவு ஏன் அழிந்தது என்று அதிலே கேட்டு, அவரே விடையும் சொன்னார். சாதி, கைத்தொழிலைத் தாழ்ந்தது என்று ஒதுக்கியது. சிந்திப்பவன் செய்யவில்லை, செய்பவன் சிந்திக்க விடப்படவில்லை. அதனால் ஆய்வு மனப்பான்மை பட்டுப்போயிற்று என்பது அவர் கண்ட காரணம். கருப்புச் சட்டைக்காரர் சொன்னதல்ல இது. வேதியியல் பேராசிரியர் சொன்னது! கையையும் தலையையும் மறுபடி ஒன்று சேர்ப்பதுதான் நல்ல பாடத்திட்டத்தின் வேலை என்று நாம் சொல்வது இதனால்தான்.

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருவோம்.

நம் மாநிலத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் மூன்று ஆண்டு, ஆறு பருவம். முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம். இவை முதல் இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். மூன்றாம் பகுதிதான் உடம்பு: கனிம வேதியியல், கரிம வேதியியல், இயற்பிய வேதியியல், அவற்றுக்குரிய ஆய்வகப் பயிற்சி. அதனோடு துணைப்பாடம், மாணவர் வாயில் ‘அல்லைடு’. பெரும்பாலும் இயற்பியல் ஒன்று. மற்றொன்று கணிதம், அல்லது விலங்கியல், அல்லது தாவரவியல். திறன் பாடமும் தொண்டுப் பணியும் சேர்ந்து மொத்தம் 140 கிரெடிட். தாளில் பார்த்தால் தேர்வட்டவணைபோல் தெளிவாக இருக்கிறது. அந்த ‘அல்லது’ என்ற சொல்லில்தான் குழி இருக்கிறது.

விலங்கியலைத் துணைப்பாடமாக எடுத்தவன், கணக்கிலிருந்து தப்பித்தோம் என்று மகிழ்வான். முதலாண்டு மகிழ்ச்சி, இரண்டாமாண்டு அமைதி, பிறகு வருகிறது இயற்பிய வேதியியல். வெப்ப இயக்கவியல் வருகிறது, வினை வேகவியல் வருகிறது, குவாண்டம் வருகிறது. வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று எழுதும் முதல் வரியே நுண்கணிதம். வகைக்கெழு தெரியாதவனுக்கு அந்த வரி கல்வெட்டு எழுத்து. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் ‘ஜாம்’ தேர்வின் வேதியியல் தாளில் அடிப்படைக் கணிதமும் சேர்ந்தே இருக்கிறது. அந்தத் தேர்வும் ஆங்கிலத்தில்தான். எனவே பதினேழு வயதில் போட்ட ஒரு கோடு, இருபது வயதில் ஒரு கதவை அடைத்துவிடுகிறது. அடைத்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. தனக்கு அறிவு போதவில்லை என்று எண்ணிக்கொள்வான். அந்த எண்ணம்தான் நமக்குப் பொறுக்கவில்லை!

கணிதம் எடுத்தால்தான் உருப்படுவான் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. உயிர்வேதியியல், உணவு ஆய்வு, மருந்து, பூச்சிக்கொல்லி எச்சம் அளக்கும் ஆய்வுக்கூடம் என்று போக விரும்புகிறவனுக்கு விலங்கியலும் தாவரவியலும் கைகொடுக்கும். எதை எடுத்தாலும் தெரிந்து எடுக்க வேண்டும் என்பதே நம் வழக்கு. வேதியியலைப் பொறுத்தவரை உண்மையான தேர்வு கல்லூரியில் நடப்பதுமில்லை. பதினோராம் வகுப்பில் ‘குரூப்’ எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. கணக்கு இல்லாத அறிவியல் குரூப்பில் பதினைந்து வயதில் சேர்ந்த பிள்ளைக்கு, கல்லூரியில் கணிதத் துணைப்பாடம் மலையேற்றம்தான். ஏற முடியாததல்ல, ஏறியவர் உண்டு. ஆனால் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் செருப்பாவது போட்டுக்கொண்டு ஏறியிருப்பார்கள்.

கல்லூரிகளின் நிலையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். துணைப்பாடம் மாணவன் விருப்பம் என்று தாளில் இருக்கும். எந்தத் துறையில் ஆசிரியர் இருக்கிறாரோ அந்தத் துறைதான் பல இடங்களில் கிடைக்கும். மாநில உயர்கல்வி மன்றம் 2023-இல் மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது, தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் உரிமை போகிறதே என்று குரல் கொடுத்தன. உரிமை பற்றிய அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் மன்றம் பேசிற்று, கல்லூரி பேசிற்று, ஆசிரியர் சங்கம் பேசிற்று. ஏலத்தோட்டத்துப் பிள்ளை எந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியது?

டெல்லி போட்ட திட்டமோ இன்னும் வேடிக்கை. 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டுப் பட்டம் என்கிறது. ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம், நான்காண்டில் சிறப்புப் பட்டம்! வாசல்கள் பல வைத்திருக்கிறோம், வசதிப்படி வெளியே போகலாம் என்கிறார்கள். வெளியே போகும் வாசலை இத்தனை அக்கறையோடு கட்டியவர்கள், உள்ளே வரும் வாசலை அகலப்படுத்தினார்களா? ஓராண்டு வேதியியல் படித்தவன் என்ன கற்றிருப்பான்? பியூரெட் பிடிக்கக் கற்றிருப்பான், அணுவின் அமைப்பைப் படித்திருப்பான், அவ்வளவே. அந்தச் சான்றிதழைக் காட்டினால் எந்த ஆய்வுக்கூடம் வேலை கொடுக்கும்? ஓராண்டில் வெளியேறப்போவது யார்? தேயிலைத் துரையின் பேரனா? வீட்டில் கடன் முற்றி, நீயும் மலைக்கு வா என்று கூப்பிடப்படும் பிள்ளைதான்.

இதை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். 1953-இல் ஆச்சாரியார், தொடக்கப் பள்ளிக்கு அரை நாள் வந்தால் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். நாடு கொதித்தது. கழகம் மும்முனைப் போராட்டத்தில் அதையும் ஒரு முனையாக்கிற்று. 1954-இல் ஆச்சாரியார் போனார்; காமராசர் வந்தார்; குலக்கல்வி குப்பைக்குப் போயிற்று. இதில் ஒரு விந்தை என்னவென்றால், அதே ஆச்சாரியார் தமிழில் ‘திண்ணை ரசாயனம்’ என்று வேதியியல் நூல் எழுதியவர். 1916-இலேயே அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்கச் சங்கம் அமைத்தவர். எழுதியதற்கு நன்றி, அதை மறுக்க மாட்டோம். ஆனால் ரசாயனம் திண்ணையில் இருப்பவனுக்கு, தெருவில் இருப்பவனுக்கு அப்பன் தொழில் என்றால், அந்த நன்றியோடு நாம் நின்றுவிட முடியுமா?

தமிழில் வேதியியல் முடியுமா என்று இன்றும் உதடு பிதுக்குவோர் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியில் 1875-இல் வேதியியல் நூலே தமிழில் வந்தது. வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது, முடியுமா என்ற கேள்வி மட்டும் மூப்படையவில்லை! தமிழ்வழிப் பட்டத்துக்குப் பயனும் இருக்கிறது: 2010-இல் வந்த சட்டத்தின்படி, தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது இடம் முன்னுரிமை. 2020-இல் அதைத் திருத்தி, பட்டம் மட்டும் தமிழில் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியாக இருக்க வேண்டும் என்றாக்கினார்கள். எனவே பயிற்றுமொழியைக் கல்லூரி வாசலில் வந்து யோசித்தால் பிந்திவிடும். அதேவேளை, ஆய்வுக் கட்டுரைகளும் அனைத்திந்தியத் தேர்வும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதிப் பழகட்டும் பிள்ளை. இரண்டாம் பகுதி ஆங்கிலத்தை ‘பாஸ்’ ஆனால் போதும் என்று விடுவது தவறு.

வேதியியல் தெரியாமல் போனால் என்ன நட்டம் என்று கேட்பவர், அவுரிச் செடியைக் கேட்கட்டும். தென்னார்க்காட்டுச் சீமையில் அவுரி பயிரிட்டு, நீலச் சாயம் எடுத்துக் கப்பலேற்றினார்கள். 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம், ஆய்வுக்கூடத்தில் செய்த நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே இந்திய அவுரி வயல்கள் சுருங்கிப்போயின. படையெடுத்து வந்து அழிக்கவில்லை. படித்து வந்து அழித்தார்கள். ஏலத்திலும் ஆபத்தின் சாயல் தெரிகிறது. காயில் மருந்து எச்சம் மிகுந்தால் வெளிநாட்டுச் சந்தை சரக்கைத் திருப்புகிறது. திரும்பிய சரக்கின் நட்டம் தோட்டக்காரரோடு நிற்பதில்லை. கூலிநாளில் வந்து விடிகிறது. எச்சத்தைவிடக் கொடிது, தெளிப்பவன் மூச்சில் போவது. குயினால்பாஸ் போன்ற கரிமப் பாஸ்பரஸ் மருந்துகள் நரம்பின் வேலையைத் தடுப்பவை. தலைசுற்றல், வாந்தி, கண்மங்கல் எல்லாம் அதன் அறிகுறிகள். காசர்கோட்டு மக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் தடுத்தது 2011-இல்தான். புட்டியின் மேல் அச்சடித்த பெயரைப் படித்து, இதில் என்ன இருக்கிறது என்று தகப்பனுக்குச் சொல்லும் மகளை உருவாக்காத வேதியியல் பட்டம் எதற்கு? போடி, உத்தமபாளையம் வட்டாரத்தில் பாடம் வகுப்போர், பகுப்பாய்வு வேதியியலில் ஏலக்காயையும் தோட்டத்து மண்ணையும் கிணற்று நீரையும் வைக்கட்டும். ஆய்வகத்துக்கு வேண்டிய மாதிரிப் பொருள் வாசலிலேயே கிடக்கிறது.

நம் தோழர்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். ஊர்ப் படிப்பகத்தில் நாளிதழ் இருக்கிறது, தலைவர்கள் படம் இருக்கிறது, கேரம் பலகையும் இருக்கிறது. அருகிலுள்ள கல்லூரிகளின் பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தை வாங்கிவந்து அங்கே ஒட்டுங்கள். பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் ஒரு கூட்டம், பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் ஒரு கூட்டம் வையுங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், நம்மைப்போன்ற பேச்சாளரும் வேண்டாம். வேதியியல் படித்த அண்ணன் ஒருவர், அக்காள் ஒருவர், கணித ஆசிரியர் ஒருவர் போதும். கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தனுப்புங்கள்: இங்கே எந்தெந்தத் துணைப்பாடம் உண்மையாகவே நடக்கிறது? தமிழ்வழிப் பிரிவு இருக்கிறதா? முதற்பருவத்திலிருந்தே ஆய்வகம் உண்டா? விடையைக் கேட்டபிறகு கட்டத்தில் கோடு போடட்டும்.

கூட்டத்தைப் பகலில் வைக்காதீர்கள். பெற்றவர்கள் அப்போது மலையில் இருப்பார்கள். இருட்டியபின், அவர்கள் குளித்துச் சாப்பிட்டு வர நேரம் விட்டு வையுங்கள்.