சைகை வலிமை சார்ந்த தட ஒதுக்கீடு

சைகை வலிமை சார்ந்த தட ஒதுக்கீடு என்பது, ஜிஎஸ்எம் நகர்பேசி வலையமைப்பில் ஓர் அழைப்புக்கு எந்த வானொலித் தடத்தை வழங்குவது என்பதை, நகர்பேசிக்குக் கிடைக்கும் சைகையின் வலிமையைக் கொண்டு தீர்மானிக்கும் முறையாகும். குறைந்த அலைக்கற்றையைக் கொண்டு கூடுதல் அழைப்புகளைக் கையாள இது உதவுகிறது.

பின்னணி

ஜிஎஸ்எம் முறையில் ஒவ்வோர் அலைவரிசையும் 200 கிலோஹேர்ட்சு அகலமுடையது. அது 8 நேரத்துண்டுகளாகப் பகுக்கப்படுகிறது. தொடக்க ஜிஎஸ்எம்-900 பட்டையில் 124 அலைவரிசைகளே உள்ளன. எனவே அதே அலைவரிசையைத் தொலைவிலுள்ள வேறு கலங்களில் மீண்டும் பயன்படுத்த வேண்டியுள்ளது. மறுபயன்பாட்டுத் தொலைவு குறைந்தால் கொள்ளளவு கூடும்; ஆனால் குறுக்கீடும் கூடும். உரையாடல் தெளிவாக அமைய, விரும்பும் சைகை குறுக்கிடும் சைகையைவிடக் குறைந்தது 9 டெசிபெல் மிகுந்திருத்தல் வேண்டும்.

அளவீடு

அழைப்பின்போது நகர்பேசி தன் கலத்தின் சைகை வலிமையையும் அண்டைக் கலங்களின் வலிமையையும் அளக்கிறது. வலிமை மிகுந்த ஆறு அண்டைக் கலங்கள் வரையிலான விவரம் 480 மில்லிநொடிக்கு ஒருமுறை வலையமைப்புக்கு அனுப்பப்படுகிறது. −110 முதல் −48 டிபிஎம் வரையான வலிமை 0 முதல் 63 வரையான எண்ணாகக் குறிக்கப்படும். இவற்றைக் கொண்டு தளநிலையக் கட்டுப்பாட்டகம் தடத்தை முடிவு செய்கிறது.

செயற்பாடு

கலம், ஒரே மையமுடைய இரு வட்டங்களாகக் கருதப்படுகிறது. தளநிலையத்திற்கு அருகிலுள்ளோருக்குச் சைகை வலிமை மிகுதி. ஆகவே அவர்களால் குறுக்கீட்டைத் தாங்க இயலும். இவர்களுக்கு நெருக்கமாக மறுபயன்பாடு செய்யப்படும் உள்வட்டத் தடங்கள் வழங்கப்படுகின்றன. விளிம்பில் உள்ளோருக்கு, தொலைவில் மட்டுமே மறுபயன்பாடு செய்யப்படும் வெளிவட்டத் தடங்கள் வழங்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, 24 அலைவரிசைகளை 12 கலங்களுக்குச் சமமாகப் பகிர்ந்தால் கலத்திற்கு 2 கிடைக்கும். மாறாக, 12 அலைவரிசைகளை 12 கலத் தொகுதியில் வெளிவட்டத்திற்கும், எஞ்சிய 12-ஐ 4 கலத் தொகுதியில் உள்வட்டத்திற்கும் பகிர்ந்தால், கலத்திற்கு 1 + 3 = 4 கிடைக்கும். நேரத்துண்டுகள் 16-இலிருந்து 32 ஆக உயர்கின்றன.

குறைபாடுகள்

* உள்வட்டத் தடங்களை விளிம்பில் உள்ளோர் பயன்படுத்த இயலாது. மையத்தில் பயனர் குறைவாயின் அவை வீணாகும். விளிம்பில் அழைப்புகள் மறுக்கப்படும்.
* பயனர் நகரும்போது கலத்திற்குள்ளேயே கைமாற்றம் தேவைப்படும். அது தாமதமானால் அழைப்பு துண்டிக்கப்படலாம்.
* வலிமை எல்லையில் ஏறியிறங்கினால் கைமாற்றம் மீண்டும் மீண்டும் நிகழும். இதைத் தவிர்க்க உள்நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் வெவ்வேறு வரம்புகள் வைக்கப்படுகின்றன.
* வலிமை மட்டுமே குறுக்கீட்டின் அளவைக் காட்டாது. எனவே நோக்கியாவின் அறிவார்ந்த கீழடுக்கு-மேலடுக்கு முறை, அண்டைக் கலங்களின் வலிமையையும் ஒப்பிட்டுக் குறுக்கீட்டை மதிப்பிட்டது.

வரலாறு

மறுபயன்பாட்டைப் பிரிக்கும் இக்கருத்தை 1983-இல் சாமுவேல் ஹால்பெர்ன் விளக்கினார். பல நாடுகளில் ஜிஎஸ்எம் சேவைகள் நிறுத்தப்பட்டுவிட்டபோதிலும், நான்காம் தலைமுறை வலையமைப்புகளின் பகுதி அலைவரிசை மறுபயன்பாட்டில் இதே கொள்கை தொடர்கிறது.