காக்கையும் பனம்பழமும்: பழுது நீக்கியபின் தாமதிக்கும் மடிக்கணினி

பனையிலே காக்கை அமர்ந்தது. அக்கணமே பழம் வீழ்ந்தது. காக்கையாலேயே பழம் வீழ்ந்ததெனத் துணிவாரும் உளர். இவ்வாறு ஒருங்கு நேர்வனவற்றை வடநூலார் காகதாலீய நியாயம் என வழங்குவர். ஒன்றன்பின் மற்றொன்று நிகழ்ந்தமை மாத்திரையானே முன்னையது பின்னையதற்குக் காரணமாகிவிடாது. இவ்வுண்மை, பழுது நீக்கியபின் தாமதித்துத் தொடங்கும் மடிக்கணினியை ஆராய்வார்க்குப் பெரிதும் பயன்படும்.

ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர் ஒருவரின் மடிக்கணினியில் விசைப்பலகை மாற்றப்பட்டதெனக் கொள்வோம். முன்னர் 1 நிமிடத்தில் தொடங்கிய கணினி இப்பொழுது 5 நிமிடங் கொள்கின்றது. திருத்தியவர் கெடுத்துவிட்டாரென மாணவர் கூறுவர். வன்தட்டுப் பழையது, மாற்றுக எனத் திருத்தியவர் கூறுவர். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாய் இடுக என நண்பர் கூறுவர். மூவரும் சோதியாது துணிந்தவரே. மூன்றாமவர் சொற்கேட்பின் ஈராண்டு உழைப்பும் ஒரு நாழிகையில் அழிதல் கூடும்.

ஆதலின் முதற்கண் செய்யத்தக்கது, கட்டுரையையும் ஏனைய கோப்புகளையும் வேறொரு தேக்ககத்திற் படியெடுத்து வைத்தலாம். வன்தட்டே நோயுற்றிருப்பின் அடுத்த முறை அது தொடங்காமலும் போகலாம்.

இனி, தாமதம் எங்கே நிகழ்கின்றதெனக் காணல் வேண்டும். கணினி தொடங்குதல் இரு கூறுபாடுடையது. மின்னூட்டியது முதல், திரையிலே சுழலுங்குறி தோன்றும் வரையுள்ள காலம் பெரும்பாலும் பயோஸ் என நாம் வழங்கும் அடிப்படை மென்பொருளுக்குரியது. அதன் பின்னுள்ளது விண்டோஸுக்குரியது. டாஸ்க் மனேஜரில், தொடக்க நிரல்களைக் காட்டும் பக்கத்திலே, பயோஸ் கொண்ட நேரம் விநாடியிற் குறிக்கப்பட்டிருக்கும். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக, நிறுத்தும்போது அமைப்பின் ஒரு பகுதியைத் தட்டிற் சேமித்து, பின் விரைந்து தொடங்கும் முறை உண்டு. றீஸ்டார்ட் செய்யுங்கால் அம்முறை தொழிற்படாது. எனவே றீஸ்டார்ட் நேரத்தை றீஸ்டார்ட் நேரத்தோடேயே ஒப்பிடுதல் முறையாம்.

முதற்கூறு நீண்டதாயின் ஆராயத்தக்கவை மூன்று. ராம் மாற்றப்பட்டிருப்பின், புதிய நினைவகத்துக்கேற்பக் கணினி தன்னைப் பொருத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் செல்லலாம்; இஃது இயல்பே. மீண்டும் மீண்டும் நிகழ்ந்தாலே குற்றமாம். தாய்ப்பலகையின் மின்கலம் கழற்றப்பட்டிருப்பின் பயோஸ் அமைப்புகள் பழைய நிலைக்கு மீண்டிருக்கலாம்; நாளும் நேரமும் பிழைத்திருத்தல் அதற்கு அறிகுறி. அந்நிலையில் வலையமைப்பிலிருந்து தொடங்கும் வழி முன்னுக்கு வந்திருப்பின், இல்லாத ஒன்றைக் கணினி தேடிக் காத்திருக்கும். தொடங்கும் வரிசையில் விண்டோஸ் உள்ள தேக்ககத்தை முதலில் வைத்தால் அத்தாமதம் நீங்கும். ஆயின், பிட்லொக்கர் காப்புள்ளதாயின் அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கைக்கொள்ளாது பயோஸில் எதனையும் மாற்றற்க.

இரண்டாங்கூறு நீண்டதாயின் தேக்ககத்தை நோக்குக. சாட்டா வகை வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே எண்ணிக் குறித்துவைக்கும். அதனைக் காட்டும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அக்குறிப்பில் 197ஆம் எண், வாசிக்க இயலாது ஐயத்துக்கிடமான பகுதிகளைக் காட்டுவது. அது சுழியத்தின் மேற்படின் தட்டின்மீதே ஐயங் கொள்ளலாம். 199ஆம் எண், செய்தி செல்லும் வழியிலே நேரும் பிழைகளைக் காட்டுவது. அது வளர்ந்துகொண்டே செல்லின் பெரும்பாலும் வடமோ அதன் பொருத்தோ தளர்ந்ததாம். இவ்வெண் பழுது நீங்கியபின்னும் குறையாது. மேலும் வளராதிருத்தலே குணமடைந்தமைக்குச் சான்று.

இவ்விரண்டும் நன்றாயின் விசிறியைக் கவனிக்க. அதன் இணைப்பு மறக்கப்பட்டிருப்பின், வெப்பத்துக்கு அஞ்சிச் செயலி தன் விரைவைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் நன்றாயின், பழுது நீக்கிய அதே வாரத்தில் இடப்பட்ட புதிய நிரலோ விண்டோஸ் இற்றைப்படுத்தலோ காரணமாயிருக்கலாம். அங்கேதான் திருத்தியவர் குற்றமற்ற காக்கையாகின்றார்.

ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி, ஒவ்வொன்றன் பின்னும் நேரத்தை அளந்து குறித்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றுவார்க்குக் கணினி குணமடையினும் காரணம் விளங்காது.

நம் மாணவரின் கணினியில் 197ஆம் எண் சுழியமாயிருக்க, 199ஆம் எண் நாளுக்கு நாள் ஏறுவதாயின், விசைப்பலகை மாற்றியபோது வடம் தளர்ந்தமை பெரிதும் பொருந்தும். அவர் அக்குறிப்பைத் திருத்தியவரிடங் காட்டி, வடத்தை மீளப் பொருத்துமாறு கேட்கலாம். அதற்குப் பூசலும் வேண்டா, புதிய வன்தட்டும் வேண்டா. கட்டுரையும் அழியாது நிற்கும்.